பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மான்

சுடாத மானைப் பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் லண்டனில் செவன் கிங்ஸில் இருந்து வால்தம்ஸ்டோ வரை எங்களைத் தெரிந்த எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்று பழமொழி இருக்கிறது. அதைச் சொன்னவருக்கு என்னை யாரோ முன்கூட்டியே அறிமுகப்படுத்தி இருக்க வேண்டும். (கோழியும் நான் பிடித்ததில்லை. அது வேறு கதை.)

எல்லாம் தொடங்கியது ஒரு பிறந்தநாள் விழாவில். என் மனைவி சுகந்தியின் அக்கா வாசுகி வீட்டு விழா. அக்காவின் கணவர் ரவி அண்ணை, அதாவது என் சகலன், அப்போதுதான் கென்யாவுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்திருந்தார். பார்க்கிங் என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் சுவரில் பெரிய திரையைக் கொழுவி, தான் பிடித்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். கொம்பு முறுக்கிய மான், கொம்பு நேரான மான், ஓடுகிற மான், ஓட யோசிக்கிற மான். கேக் வெட்ட வேண்டிய பிள்ளை மேசைக்குக் கீழே நித்திரையாகிவிட்டது. பெரியவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"பாக்கிறதில என்ன அண்ணை இருக்கு?" என்றது என் வாய். "நான் மான் வேட்டைக்கே போகப் போறன்."

அந்த வசனத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்கு அப்படி ஒரு எண்ணமே இருக்கவில்லை. என்னுடைய பெரிய முடிவுகள் எல்லாம் வாயில் பிறந்து பிறகுதான் மண்டைக்குப் போகும்.

ரவி அண்ணை மெதுவாகத் திரும்பி, "நீரோ?" என்று கேட்டார். பிறகு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படியாக, "தம்பி, உங்கட குசினித் தரைக்கு ஓடு பதிச்சு முடிஞ்சுதோ?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல ஏலாது. குசினித் தரையின் பாதிக்கு ஓடு பதித்துவிட்டு மூன்று வருடமாக மிச்சப் பாதியில் காட்போட் விரித்திருந்தவன் நான். கணினிப் படிப்பைப் பாதியில் விட்டேன். பின்வளவில் கொட்டில் கட்டத் தொடங்கி மூன்று சுவரோடு நிறுத்தினேன். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் எனக்கு முகம் சுட்டது. வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது தொடங்கி முடித்துக் காட்டுவேன் என்று, கையில் கடித்த ரோல்ஸோடு, மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் சுகந்தி கேட்டாள். "நீங்கள் உண்மையாவே போறியளோ?"

"ஓம், போறன்."

"அப்ப நானும் வாறன். உங்களைத் தனிய விட ஏலாது."

சுகந்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தபால் கொண்டுபோகிற வேலை. வால்தம்ஸ்டோவில் மழையோ பனியோ பார்க்காமல் நாளுக்குப் பத்து மைல் நடப்பாள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். நான் பஸ் ஓட்டுகிறவன். ஷிப்ட் முழுக்க ஒரே கதிரையில் இருந்து, வீட்டுக்கு வந்ததும் வேறு கதிரைக்கு மாறுகிறவன். வீட்டில் நான் கதைப்பேன், அவள் செய்வாள். சபைகளில் நான் கதைப்பேன், அவள் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். ஒன்பது வருடமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பயணத் திட்டம் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முதலில் ஆபிரிக்காவைப் பார்த்தேன். அங்கே மான் சுடுவதற்குக் கேட்ட காசுக்கு எங்கள் வீட்டைப் பாதி விற்க வேண்டும் (குசினி இருக்கிற பாதியை யார் வாங்குவது?). பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கொட்லாந்தைப் பார்த்தேன். பஸ் டிப்போவின் சாப்பாட்டு அறையில் இரண்டு கிழமை இடைவேளைகளை இதற்கே செலவழித்ததில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. கொம்பு உள்ள ஆண் மானைச் சுடத்தான் பணக்காரர் வருவார்கள். பெண் மானை யாரும் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவதில்லை, ஆகவே அது மலிவு. பருவம் முடிகிற பெப்ரவரியில், மழை ஊத்துகிற, சனி ஞாயிறு அல்லாத கிழமை நாளில், இன்னும் மலிவு. துவக்கும் வாங்கத் தேவையில்லை. மலையை வைத்திருக்கிற பண்ணைக்காரரே தங்கள் துவக்கைத் தந்து, பக்கத்தில் நின்று சுட வைப்பார்களாம். தங்குவதற்கு அவர்கள் மாளிகையில் அறை எடுக்காமல் தோட்டக்காரரின் பழைய அறையைக் கேட்டு வாங்கினேன். இதற்கெல்லாம் மூளை வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்படியும் கையைக் கடித்தது. அப்போதுதான் என் மூளை அதன் உச்சத்தைத் தொட்டது. எங்கள் ஊரில் பங்கு இறைச்சி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அடித்து, இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூறு வைத்துப் பிரிப்பார்கள். எந்தக் கூறை எடுத்தாலும் ஒருவருக்கும் குறை இருக்காது. கிடாய்க்குச் செய்கிறதை மானுக்குச் செய்தால் என்ன? பதினொரு வீட்டை வாட்ஸப் குழுவில் சேர்த்தேன், எங்களோடு பன்னிரண்டு. "மான் பங்கு" என்று பெயரும் வைத்து, பங்குக் காசையும் முன்கூட்டியே வாங்கினேன். பங்குக்காரர் செய்தி அனுப்பினால் தனியாகத் தெரியட்டும் என்று அந்தக் குழுவுக்கு மட்டும் ஆடு கத்துகிற சத்தத்தைப் போட்டேன். (அந்த வயதில் எனக்கு நான் ஒரு நகைச்சுவையாளன் என்ற எண்ணம் இருந்தது.)

வன்னியில் காய வைத்த மான் வத்தல் தின்று வளர்ந்தவர்கள் அழுதே விட்டார்கள். மன்னாரைச் சேர்ந்த மரியதாஸ் மாஸ்டர், "தம்பி, தவக்காலம் துவங்க முந்தித் தந்திடும், பிறகு இறைச்சியை என்னால தொட ஏலாது" என்று கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பங்கு வீட்டு வாசலில் நிற்கும் என்று எழுத்தில் உறுதி கொடுத்தேன். எல்லோருக்கும் கடைசியாக, ரவி அண்ணையும் பங்கு கேட்டார். அவர் இரண்டு பங்கு கேட்டார். ஞாயிறன்று இருபது பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போவதாகவும் சொன்னார். "நீர் கொண்டு வாறீரோ எண்டு நாலு பேர் பாக்கத்தானே வேணும்" என்றார்.

பண்ணையில் இருந்து ஐந்து பக்கத்தில் ஒப்பந்தம் வந்தது. விலை முதலாம் பக்கத்தில் இருந்தது. முதலாம் பக்கத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு ஐந்தாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை வெளிக்கிட்டோம். காரின் பின்பக்கம் முழுக்க, மீன்கடையில் இரவல் வாங்கிய, ஐஸ் போட்டு மீன் வைக்கிற ஆறு வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அதற்கு மேல் இறைச்சி வெட்டுகிற மரக்குற்றி, இரண்டு கத்தி, பங்கு போட நூறு பொலித்தீன் பை. வழியெல்லாம் அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிட்டுக்கொண்டே வந்தன. காருக்குள் பழைய சூடை மீனின் வாசனை. பின்னேரம் மலைகள் தெரியத் தொடங்கியபோது சுகந்தி கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளி காலை எங்களைக் கூட்டிப்போக வந்தவள் ஐல்சா என்ற பெண். ஐம்பது வயதிருக்கும். அந்த மலையில் மான் பார்ப்பதும், சுட வருகிறவர்களைக் கூட்டிப் போவதும் அவள் வேலை. அவளுடைய ஆங்கிலத்தில் எனக்குப் பத்தில் இரண்டு சொல்தான் விளங்கியது. சுகந்தியோடு வேலை செய்கிற ஒருத்தி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரி என்பதால் சுகந்திக்கு எல்லாம் விளங்கியது. நான் விளங்காததற்கும் தலையாட்டினேன். ஐல்சா காருக்குள் எட்டி ஆறு மீன் பெட்டியையும் மரக்குற்றியையும் பார்த்தாள். "மீன் பிடிக்கவும் வந்தீர்களா?" என்று கேட்டாள். அதற்கும் நான் தலையாட்டி விட்டேன்.

மலைக்குப் போக முன்னர் ஒரு சோதனை இருந்தது. புல்வெளியின் அந்தத் தொங்கல் முனையில் இரும்புத் தகட்டில் வெட்டிய ஒரு மான் நின்றது. அதைச் சரியாகச் சுட்டால்தான் உயிருள்ள மானுக்குப் பக்கத்தில் விடுவார்கள். நான் குப்புறப் படுத்துத் துவக்கைத் தோளில் வைத்தேன். துவக்குச் சத்தம் கேட்டால் தலையை மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று போர்க்காலத்து ஊரில் ஐந்து வயதில் படித்தவன் நான். முப்பது வருடம் கழித்து, அந்தச் சத்தத்தை நானே போட்டபோதும் என் உடம்பு படித்த பாடத்தை மறக்கவில்லை. வெடித்ததும் முகத்தைப் புல்லுக்குள் புதைத்தேன். இரண்டாவது வெடிக்கு, வெடிக்க முன்னரே புதைத்தேன். மூன்றாவது எங்கே போனது என்று ஐல்சா தூரக்கண்ணாடியில் கன நேரம் தேடினாள். இரும்பு மான் அப்படியே நின்று என்னைப் பார்த்தது.

"உங்கள் மனைவியும் சுட்டுப் பார்க்கட்டுமே" என்றாள் ஐல்சா.

சுகந்தி மழைக்கோட்டின் கையை மடித்துவிட்டுப் படுத்தாள். மூச்சை விட்டாள். மூன்று வெடி. மூன்று ஓட்டையும் ஒரு தேநீர்ச் சோசருக்குள் அடங்கும். ஐல்சா ஓட்டைகளைப் பார்த்தாள், பிறகு சுகந்தியைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டாள். தபால் என்றதும், "அதுதானே, பதற்றம் இல்லை" என்றாள். அன்றைக்குச் சுடப்போவது யார் என்பது இப்படி, என்னைக் கேட்காமலே முடிவாயிற்று. சகலனுக்கும் பத்து வீட்டுக்கும் நான் சுடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், பின்னால் சத்தம் போடாமல் வரலாம் என்று அனுமதிக்கப்பட்டேன்.

மலை ஏறிய கதையை விரிவாகச் சொன்னால் எனக்கு இப்போதும் மூச்சு வாங்கும். முன்னால் ஐல்சா, அவளுக்குப் பின்னால் ஒரு சின்ன வீதியில் கடிதம் போடப் போகிறவள் போல சுகந்தி, அவர்களுக்கு நூறு மீட்டர் பின்னால் நான். சேற்றில் ஒரு கால் போய், அதை எடுக்க மற்றக் காலும் போய், இரண்டையும் எடுக்கக் கையும் போய், மேலே சேர்ந்தபோது என் முகத்தில் கண் மட்டும்தான் நிறம் மாறாமல் இருந்தது. அங்கே எல்லோரும் குப்புறப் படுத்தோம். மலையின் மறுபக்கச் சரிவில் ஏழு பெண் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று எங்களைப் பார்த்து வீசியது. ஐல்சா ஓரமாக நின்ற கிழட்டு மானைக் காட்டினாள். சுகந்தி துவக்கில் கன்னத்தை வைத்தாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் தொடங்கிய ஒரு காரியம் முடியப் போகிறது என்று நெஞ்சு அடித்தது.

பள்ளத்தாக்கில் முதல் நாளில் இருந்து போனுக்கு சிக்னல் கிடையாது. மலை உச்சியில் இருந்தது.

"ம்மே" என்றது என் நெஞ்சுப் பை.

ஏழு மானும் தலையைத் தூக்கின. ஐல்சா திரும்பினாள். ம்மே. ம்மே. ஒரு பகலும் ஓர் இரவும் வழியில் நின்ற அத்தனை செய்தியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கத் தொடங்கியது. ம்மே, எனக்குக் கொழுப்பு வேண்டாம் தம்பி. ம்மே, கால் எலும்பு சூப்புக்கு, மறக்க வேண்டாம். ம்மே, கால் எலும்பு அவருக்கெண்டா எனக்கு நெஞ்செலும்பு. ம்மே, குடலைக் கழுவிக் கொண்டு வருவீரோ, நாங்கள் கழுவ வேணுமோ? நாற்பத்தேழு செய்தி. கையில் தடித்த கையுறை, அது தொட்டால் போனுக்கு உணர்ச்சியே இல்லை. பல்லால் கழற்றப் பார்த்தேன், நனைந்த கையுறை வரவில்லை. கடைசியில் மூக்கால் போனை அமர்த்தக் குனிந்தேன். அந்தக் கணத்தில் ரவி அண்ணை வீடியோ கோல் எடுத்தார். என் மூக்கு பச்சைப் பொத்தானில் பட்டது.

"தம்பி!" என்று ஸ்கொட்லாந்து மலைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார் ரவி அண்ணை. "சுட்டாச்சோ? இஞ்ச நாங்கள் கறிச் சரக்கு அரைச்சிட்டம்!"

மான்கள் போய்விட்டன. ஓடினதைக்கூட நான் காணவில்லை. திரையில் ரவி அண்ணையும், அவருக்குப் பின்னால் மிளகாய்த் தூள் கையோடு வாசுகி அக்காவும், சேறு பூசிய ஒரு முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அந்தக் கோலத்தை அவர் படமாகப் பிடித்துக் குழுவில் போட்டார். பங்குக் குழுவின் முகப்புப் படம் இன்றைக்கும் அதுதான்.

ஐல்சா என்னைத் திட்டவில்லை. பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றி, தூரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். அவள் திட்டியிருக்கலாம். பதினொரு வீட்டுக்கு என்ன சொல்வது என்ற நினைப்பில் எனக்குக் கண் கலங்கியது. சுகந்தி கையை நீட்டினாள்.

"போனைத் தாங்கோ."

கொடுத்தேன். அணைத்துத் தன் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள். "இந்தக் கல்லுக்குப் பின்னால இருங்கோ. இருமாதேங்கோ. நாங்கள் வாறம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இரவல் தூரக்கண்ணாடியில்தான் பார்த்தேன். பார்த்தது எல்லாம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மான்கள் அடுத்த சரிவுக்குப் போயிருந்தன. காற்றுக்கு முகம் கொடுக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இரண்டு பேரும் சுற்றிப் போனார்கள். வழியில் ஒரு ஓடை வந்தது. பெப்ரவரித் தண்ணீர். ஐல்சா அதற்குள் இறங்கித் தவழ்ந்தாள். சுகந்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, பின்னாலேயே இறங்கினாள். மறுகரையில் இருந்த புல்மேட்டில் படுத்தார்கள். கிழட்டு மான் மற்றவற்றுக்குப் பின்னால் மறைந்து நின்றது. அது தனியாக வரும்வரைக்கும் காத்திருந்தார்கள். நான் கல்லுக்குப் பின்னால், ஓடைத் தண்ணீர் படாத சட்டையோடு, முக்கால் மணித்தியாலத்தில் பதினைந்து தரம் புரண்டு படுத்தேன். அவள் நனைந்த உடுப்போடு ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவளை வேலை செய்யும்போது ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தினமும் விடிய எழும்பிப் போய் மழையில் நனைந்து வருகிறவளிடம், வீட்டுக்கு வந்ததும் நான் என் பஸ் கதைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு வெடி. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. இந்தமுறை நான் முகத்தைப் புதைக்கவில்லை.

நான் உருண்டு பிரண்டு போய்ச் சேர்ந்தபோது ஐல்சா அவளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். முகத்தில் கண்ணீர் ஓடியிருந்தது. "அதுக்கு நோகேல்லையாம், சத்தம் கேக்க முந்தியே முடிஞ்சிட்டுதாம், அவ சொல்றா" என்றாள். பிறகு மெதுவாக, "துவக்கெண்டா எப்பவும் எங்களைப் பாத்துத்தானே இருந்தது. இண்டைக்குத்தான் நான் அதுக்குப் பின்னால இருந்து பாத்தன்" என்றாள். நானும் தொப்பியைக் கழற்றினேன்.

அந்த மரியாதை கன நேரம் நீடிக்கவில்லை. ஐல்சா அங்கேயே மானின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் புல்லில் போட்டதும் நான் பொலித்தீன் பையை விரித்துக்கொண்டு பாய்ந்தேன். "குடலுக்கு ஆள் இருக்கு!" என்றேன். ஐல்சா என் கையைப் பிடித்து நிறுத்தி, அது கழுகுகளுக்கும் நரிகளுக்கும் உரியது, அதுதான் இந்த மலையின் வழக்கம் என்றாள். சரி, அவர்கள் ஊரிலும் பங்கு போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மானைக் கீழே இழுத்து வந்தோம். (அவர்கள் இழுத்தார்கள், நான் துவக்குப் பையைத் தூக்கி வந்தேன்.) பண்ணையில் இறைச்சி தொங்கவிடுகிற குளிர் அறை இருந்தது. நான் ஓடிப்போய் ஆறு ரெஜிபோம் பெட்டியையும் வரிசையாக வாசலில் வைத்து மூடியைத் திறந்தேன். மரக்குற்றியை இறக்கினேன். கத்தியைத் தீட்டத் தொடங்கினேன். ஐல்சா மானைக் கொழுவியில் தொங்கவிட்டு, எடை நிறுத்து, காலில் ஒரு அட்டையைக் கட்டினாள். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"எங்கட மான்?" என்றேன்.

அவள் உள்ளே போய் எங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வந்தாள். நாலாம் பக்கம். சுடுகிற மான் பண்ணைக்கே உரியது. சுட வருகிறவர் வாங்குவது அந்த நாளையும் அந்த அனுபவத்தையும்தான். அடுத்த பக்கத்தில், அழகாக, கோடு போட்டு, என் கையெழுத்து. விலைக்காவது தாருங்கள் என்று கேட்டேன். இருக்கிற எல்லாவற்றையும் மொத்த வியாபாரிக்குப் பேசியாயிற்று, நாளைக்கு லொறி வருகிறது என்றாள்.

"நீங்கள் முழுக்க வாசிச்சனான் எண்டுதானே சொன்னனீங்கள்" என்றாள் சுகந்தி.

கையில் தீட்டிய கத்தியோடு, ஆறு வெறும் பெட்டிக்கு முன்னால் நான் நின்ற கோலம் ஐல்சாவைக் கரைத்திருக்க வேண்டும். சுட்டவருக்கு ஈரலைக் கொடுப்பது இங்கே வழக்கம் என்று சொல்லி, ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்து, ஒரு தாளில் சுற்றினாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைச் சுகந்தியிடம் கொடுத்தாள்.

சனிக்கிழமை முழுக்கக் கார் ஓடியது. பின்னால் ஐந்து வெறும் பெட்டி, ஆறாவது பெட்டியில் ஒரே ஒரு ஈரல். மான்செஸ்டரைத் தாண்டும்போது என் மூளை மறுபடி வேலை செய்யத் தொடங்கியது.

"சுகந்தி, லண்டனில மான் இறைச்சி விக்கிற கடை இருக்காம். வாங்கி வெட்டிப் பங்கு போட்டா ஆருக்குத் தெரியப் போகுது? ரவி அண்ணை இருபது பேரைக் கூப்பிட்டிருக்கிறார். நீரே சொல்லும், என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் பின்னால் திரும்பி ஆறாவது பெட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நான் ஒரு உயிரை எடுத்திருக்கிறன். அதைப் பற்றிப் பொய் சொல்ல விடமாட்டன். இருக்கிறதைப் பங்கு போடுவம். வாசல் வாசலாக் கொண்டுபோய்க் குடுக்கிறது நான். கதை சொல்றது நீங்கள். அது உங்களுக்குப் பழக்கம்தானே."

ஞாயிறு காலை அவள் ஈரலைப் பன்னிரண்டாக வெட்டினாள். மிளகும் வெங்காயமும் போட்டுப் பிரட்டி, ஒவ்வொரு பங்கையும் தாளில் பொதிந்து, எங்கள் பங்கைத் தவிர மற்றப் பதினொன்றிலும் வீட்டு இலக்கம் எழுதினாள். வீதி ஒழுங்குக்கு அடுக்கித் தபால் பையில் வைத்தாள். செவன் கிங்ஸ், பார்க்கிங், வால்தம்ஸ்டோ என்று பதினொரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் பானையோடு காத்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நான் நாலாம் பக்கத்தின் கதையைச் சொன்னேன். மரியதாஸ் மாஸ்டர் தன் பொதியைப் பிரித்து, இரண்டு விரல் அளவு இருந்த ஈரலைப் பார்த்து, "தவக்காலம் இண்டைக்கே துவங்கிட்டுது போல" என்றார். கொடுத்த காசை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடைசியாகத்தான் ரவி அண்ணை வீடு. கதவு திறந்ததும் அரைத்த சரக்கின் வாசனை வந்தது. உள்ளே இருபது பேர், கையில் தட்டோடு. சுகந்தி பொதியைக் கொடுத்தாள். நான் கதையைச் சொன்னேன். அதற்குள் பத்துத் தரம் சொல்லியிருந்ததால் நன்றாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ரவி அண்ணை எனக்குக் கிட்ட வந்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, குரலை இறக்கி, "சரி, சுட்டது நீர்தானே?" என்று கேட்டார்.

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஓம் என்ற ஒரு சொல் போதும், இருபது பேருக்கு முன்னால் என் மானம் நின்றிருக்கும். சுகந்தி மறுத்திருக்கவும் மாட்டாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை அண்ணை" என்றேன். "நான் கல்லுக்குப் பின்னால படுத்துக் கிடந்தனான். சுட்டது சுகந்தி. ஒரே வெடி."

அறையில் இருந்த எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசுகி அக்கா தங்கச்சியைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் நடுவில் இருந்த கதிரையில் இருத்தினாள். அந்த ஈரல் துண்டை இருபது பேருக்கும் நகம் அளவாக வெட்டினார்கள். ரவி அண்ணை தன் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடி மென்றுவிட்டு, "சொல்லு சுகந்தி, எப்பிடிச் சுட்டனி?" என்று நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தார். சபையில் வாய் திறக்காத என் மனைவி ஒரு மணித்தியாலம் கதைத்தாள். ஓடையில் இறங்கினதையும், மூச்சை விட்டுவிட்டுக் காத்திருந்ததையும், கடைசியில் அழுததையும் சொன்னாள். நான் வாசல் பக்கம் நின்று வாயைப் பிளந்து கேட்டேன். அன்று எல்லோரும் பருப்பும் சோறும்தான் சாப்பிட்டார்கள். அதைப்போல ஒரு விருந்து அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடக்கவில்லை என்று ரவி அண்ணையே சொல்வார்.

இப்போது ஒவ்வொரு பெப்ரவரியிலும் பதினொரு வீடும் சேர்ந்து சுகந்தியை மலைக்கு அனுப்பி வைக்கின்றன. ஐல்சாவோடு அவளே பேசி, சுடுகிற மானையே விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறாள். காரை ஓட்டுவது நான்தான். பண்ணை வாசல் வரைக்கும் விடுவார்கள். குசினித் தரையையும் பதித்து முடித்துவிட்டோம். மிச்சப் பாதியை யார் பதித்தார் என்று கேட்காதீர்கள்.

எங்கள் மகள் ஆரணி அந்தப் பயணத்துக்கு அடுத்த வருடம்தான் பிறந்தாள். ஆனால் எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி அவளுக்குத் தெரியும். நான் ஏதாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கொரு பிளான் இருக்கு" என்று தொடங்கினால் போதும், மேல்மாடியில் இருந்து நீளமாக "ம்மே" என்று சத்தம் வரும். சுகந்தி சிரிக்க மாட்டாள். தாளை என் கையில் இருந்து வாங்கிக் கதிரையில் இருந்துகொண்டு, கடைசிப் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்குவாள்.